சாரல் பக்கத்து ஜன்னல்

1

இங்கிலாந்தின் வடக்கே, கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் குடியேறிய பிறகு நான் கற்றுக்கொண்ட முதல் தொழில் ஜன்னல் ரிப்பேர். ஊரில் யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள். தென்காசியில் நான் வளர்ந்த வாடகை வீட்டின் ஜன்னலுக்கு ரிப்பேர் என்ற ஒன்றே கிடையாது. மரச் சட்டம், இரும்புக் கம்பி, இரண்டு கதவு. மழைக்கு ஊதிக்கொண்டு மூடாமல் நிற்கும். வெயில் அடித்தால் தானாகச் சரியாகிவிடும்.

இங்கே ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடி. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் காற்றை அடைத்து, ஓரத்தைச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். குளிர் உள்ளே வராது, சூடு வெளியே போகாது, தெருச் சத்தமும் கேட்காது. ஆனால் அந்த ஒட்டு விட்டுப்போனால் தொலைந்தது. கண்ணாடிகளுக்கு நடுவில் ஈரம் படிந்து வெள்ளையாக மூடிக்கொள்ளும். உள்ளிருந்து துடைத்தாலும் போகாது, வெளியிலிருந்து துடைத்தாலும் போகாது.

என் கணவர் சுந்தர் மருத்துவமனையில் செவிலியர். பெரும்பாலும் இரவு வேலை, பகலில் தூக்கம். அதனால் வீட்டு வேலைகளில் எதெல்லாம் சத்தம் போடாமல் செய்யக்கூடியதோ அதெல்லாம் என் பொறுப்பு என்று ஆயிற்று. முதல் குளிர்காலத்தில் படுக்கையறை ஜன்னல் இடுக்கில் ஊசி குத்துவது போலக் காற்று வந்தது. அப்படி இடுக்கில் நுழைகிற காற்றுக்கு இங்கே ஒரு சொல் இருக்கிறது. அதை நான் எழுத்தில்தான் பார்த்திருந்தேன். எழுத்துக் கூட்டிப் படித்த மாதிரியே ஜன்னல்காரரிடம் போனில் சொன்னேன். அவர், "அம்மா, வெளியே இந்த மழை பெய்துகொண்டிருக்கிறது, உங்கள் வீட்டில் மட்டும் எப்படி வறட்சி?" என்று கேட்டார். 'டிராஃப்ட்' என்று சொல்ல வேண்டியது என் உச்சரிப்பில் 'டிரவுட்' ஆகி, வறட்சி என்று அர்த்தமாகிவிட்டது.

அவர் வருவதற்கு ஆன நாட்களில் நானே ரப்பர் பட்டை வாங்கி மாற்றிவிட்டேன். அடுத்த வருடம் கைப்பிடி, அதற்கு அடுத்த வருடம் கீல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதிய உணவு பரிமாறுவது என் வேலை. அங்கே உடன் வேலை செய்கிறவர்கள் இப்போது தங்கள் வீட்டு ஜன்னல் பிடித்துக்கொண்டால் என்னைக் கேட்கிறார்கள். இந்தப் பெருமையோடுதான் இந்த வருடம் ஊருக்குப் போனேன்.

2

மேலகரத்தில், குற்றாலம் போகிற ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. என்றைக்காவது திரும்பி வருவோம் என்ற நினைப்பில் கட்டியது. அதுவரை அப்பாவும் அம்மாவும் அதில் இருக்கட்டும் என்றோம். அப்பா லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. பாவூர்சத்திரம் சந்தையில், ஒரு காய்கறிக் கமிஷன் கடையில், ஆயுசு முழுக்க எடை போட்டவர் அவர். யாரிடமும் ஒரு டீ கூட ஓசியில் குடித்ததில்லை. "மக வீட்ல போயி உக்காந்துக்கிட்டு திங்கணுமாக்கும்" என்பார். சுந்தர், ராயகிரியில் இருக்கும் தன் அப்பாவை அனுப்பி, அவர் வந்து பேசி, அதற்குப் பிறகுதான் அரை மனதோடு வந்தார்.

சீசன் தொடங்கிவிட்டால் அந்த ரோட்டில் ஐந்தருவிக்குப் போகிற வேன்களும் கார்களும் ஓயாது. அம்மாவுக்குத் தலைவலி உண்டு, சத்தம் ஆகாது. செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிற காற்றும் சாரலும் வேறு மேற்குச் சுவரில்தான் அறையும். அதனால் அந்த வீட்டுக்கும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டோம். பொருத்திய அன்று அப்பா வீடியோவில் கூப்பிட்டு, "ஏட்டி செம்பா, லாரி போறது தெரியுது, சத்தத்தக் காணும்!" என்று சத்தம் போட்டார். அவர் போனில் பேசினால் ஜன்னல் தேவையில்லை, சுவரே தாண்டும். சந்தையில் லாரிகளுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

இந்த ஆனியில் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தலைக்குப் பின்னால் மேற்கு ஜன்னல் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"என்னப்பா, ஜன்னல் வெள்ளையா இருக்கு?"

"சாரலுட்டி. குத்தாலத்துல நல்லாத் தண்ணி விழுது."

அடுத்த முறை காலண்டர் மாட்டிய சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பேசினார். அதற்கடுத்த முறை கொல்லையில், முருங்கை மரத்தடியில்.

பிறகு அம்மா தனியாகக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஏட்டி, ஒங்கப்பா பழைய வாடகை வீட்டு பரமசிவம் அண்ணாச்சியப் போயிப் பாத்துட்டு வந்திருக்காவ. வீடு காலியாத்தான் கெடக்காம். ஆவணி பொறந்ததும் அங்கன போயிருவோம்ங்காவ."

"ஏம்மா? என்ன நடந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? கேட்டா, மக வீட்ல எத்தன நாளைக்கு இருக்கதுங்காவ. அந்த மேக்கு ஜன்னலப் போயித் தொட்டுத் தொட்டுப் பாக்காவ. சோறும் சரியாத் திங்க மாட்டேங்காவ."

தொலைவில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரில் யாராவது முகம் சுருக்கினால், நாம் என்ன சொன்னோம் என்று தேட ஆரம்பித்துவிடுவோம். நானும் சுந்தரும் சேர்ந்து தேடினோம். பொங்கலுக்கு அனுப்பிய செய்தியா? 'கரண்டு பில்லை நாங்களே கட்டிக்கிறோம்' என்று சொன்னதா? ஒன்றும் பிடிபடவில்லை. பள்ளி விடுமுறை தொடங்கியதும் நானும் மகள் மீராவும் கிளம்பினோம். சுந்தருக்கு லீவு கிடைக்கவில்லை.

3

மீராவுக்குப் பதினாறு வயது. அவளுக்குத் தமிழ் புரியும், பேசுவதென்றால் தயக்கம். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். இரண்டு தண்டவாளம் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறோம். சமீபமாக அந்தப் பதிலும் குறைந்துவிட்டது. ஊருக்கு வந்தால் பேசித்தான் ஆக வேண்டும், ஆனால் அவளுடைய தமிழில் எல்லாருக்கும் ஒரே 'நீ'தான். வாசலில் இறங்கியதும், "தாத்தா, நீ மெலிஞ்சுட்ட" என்றாள். நான் அதட்டினேன்.

"விடுட்டி. சாமியவே நாம நீன்னுதான சொல்லுதோம்" என்றார் அப்பா. ஆனால் மெலிந்துதான் இருந்தார்.

நான் நேரே மேற்கு அறைக்குப் போனேன். கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்தியிருந்தார்கள். ஜன்னலடியில் ஒரு துண்டு சுருட்டி வைத்திருந்தது, பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வரும். கீழ்ச் சட்டத்தின் பள்ளத்தில் குளம் மாதிரி தண்ணீர் நின்றது. கைப்பிடி திருகினால் சும்மா சுற்றியது. கண்ணாடி இரண்டுக்கும் நடுவே முழுக்க மூட்டம். இந்த ஜன்னலிலிருந்து குற்றால மலை முழுசாகத் தெரியும். இப்போது மலை இருக்கிற திசை மட்டும்தான் தெரிந்தது.

அப்பா வாசல்படியிலேயே நின்றார். "இந்த ஊரு சாரலுக்கு இதெல்லாம் தாங்காது. வெள்ளக்காரன் ஊருக்குச் செஞ்ச சாமான்" என்றார்.

"அங்கயும் மழைதாம்ப்பா. வருசம் முழுக்க."

அவர் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

ஜன்னல் பொருத்திய கம்பெனிக்குப் போன் செய்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தி, புகாருக்கு மூன்றை அழுத்தி, பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் வந்தாள். பதிவு சுந்தரின் பழைய இந்திய நம்பரில் இருந்தது. அந்த நம்பருக்கு ஓ.டி.பி. வரும், சொல்லுங்கள் என்றாள். ரீசார்ஜ் பண்ணாமல் விட்டு அந்த நம்பரே போய்விட்டது என்றேன். அப்படியானால் புது நம்பர் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றாள். நல்லது, மாற்றுங்கள் என்றேன். "மாத்துறதுக்குப் பழைய நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வரும் மேடம்."

இங்கிலாந்தில் ஜன்னல்காரர் காலை எட்டிலிருந்து மாலை ஆறுக்குள் வருவதாகச் சொல்லி வராமல் போனபோதெல்லாம், 'எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் ஆள் வந்திருக்கும்' என்று சுந்தரிடம் பீற்றியிருக்கிறேன். அந்தப் பேச்சையெல்லாம் மனதுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஆனாலும் அந்தப் பெண் நல்லவள். என் குரலில் என்ன கேட்டதோ, "நீங்க வெளிப்பக்கம் போய், கீழ்ச் சட்டத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. என்னன்னு கேட்டுச் சொல்றேன்" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனேன்.

4

இந்த வகை ஜன்னலில் கீழ்ச் சட்டத்தின் வெளிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். சாரல் எப்படியும் கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். இறங்கின தண்ணீர் அந்த வழியாக வெளியே போய்விட வேண்டும். போகாவிட்டால் கண்ணாடியின் அடி ஓரம் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்து ஒட்டு விட்டுவிடும்.

குனிந்து பார்த்தேன். ஓட்டைகளைக் காணவில்லை. இருந்த இடத்தில், மாவு மாதிரிப் பிசைந்து தண்ணீர்த் தொட்டிக் கசிவுக்கு வைப்பார்களே, அந்தப் பசை அடைத்திருந்தது. பெருவிரலால் நீவி, மேலே வெள்ளைப் பெயிண்டும் தொட்டு, அவ்வளவு சுத்தமான வேலை. எங்கள் வாடகை வீட்டில் வாளி விரிசலையும் தொட்டிக் கசிவையும் இதே கை இப்படித்தான் அடைக்கும்.

நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார். மூட்டத்தில் முகம் தெரியவில்லை, உருவம் மட்டும்தான். நான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

உள்ளே போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மாவும் மீராவும் வாசலில் நின்றார்கள்.

"எறும்பு வந்துச்சுட்டி" என்றார். சந்தைக் குரல் இல்லை, வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "சாரி சாரியா வந்துச்சு. ஓட்டைய அடைக்காம விட்டுட்டுப் போயிட்டானுவன்னு நெனச்சேன். அடச்சேன். பொறவு தண்ணி நின்னதும் புரிஞ்சுபோச்சு. தோண்டி எடுக்கப் பாத்தேன், வரல்ல. தொறந்து விடலாம்னு முறுக்குனேன், அந்தப் பிடியும் போச்சு."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லப்பா?"

"என்னன்னு சொல்ல? மாப்பிள ராத்திரியெல்லாம் முழிச்சுச் சம்பாரிச்சுப் போட்டது. அதப் பச்சப்புள்ள மாதிரி நோண்டிக் கெடுத்துட்டேன்னா? இன்னொருத்தர் வீட்ல இருந்தா இருக்க மாதிரி இருக்கணும். அது எனக்குத் தெரியல்ல. தெரியாதவன் எதுக்கு இங்கன இருக்கணும்?"

'இன்னொருத்தர் வீடா அப்பா இது' என்று கேட்கத்தான் நினைத்தேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

மீரா ஜன்னலருகே போய்க் குனிந்து பார்த்தாள். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது, அதுவும் தமிழில். யோசித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"தாத்தா, நீ கவலைப்படாத. ஜன்னலுக்கு மூச்சா விட இடம் இல்ல. அவ்ளோதான்."

மூச்சு என்று சொல்ல வந்தவள். குழந்தையாக இருந்தபோது நான் சொல்லிக்கொடுத்த இன்னொரு சொல் முந்திக்கொண்டு வந்துவிட்டது. அம்மாதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். பிறகு நான். மீரா மிரண்டுபோய் "நான் என்ன சொன்னேன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அப்பாவின் தோள் குலுங்குவதைப் பார்த்து, அழுகிறாரோ என்று பயந்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீ சரியாத்தான் சொன்ன தாயி. அது மூச்சா போற வழியத்தான் ஒந்தாத்தா அடச்சு வச்சிட்டேன்."

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஆனாலும் ஆவணில நாங்க போயிருதோம். அதுல மாத்தமில்ல" என்றார்.

5

போட்டோவைப் பார்த்த கம்பெனி, வழியை அடைத்திருப்பதால் இதை நாங்கள் மாற்றித் தர முடியாது என்றது. அது நியாயம்தான். நானே பார்த்துக்கொள்வதென்று முடிவு செய்தேன். தென்காசி பஜாரில் கைப்பிடி கிடைத்தது. பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது, அவர்களிடம் டிரில்லை இரவல் வாங்கினேன். பசையைத் துளைத்து எடுத்ததும் சட்டத்துக்குள் நின்ற தண்ணீர் குபுக்கென்று என் காலில் கொட்டியது. ஒரு பல்லி முட்டையும் கூடவே வந்து விழுந்தது.

அப்பா முதலில் தூர நின்றார். கீலில் மண் சேர்ந்திருந்ததைத் துடைத்து எண்ணெய் விடும்போது டார்ச் பிடிக்க வந்தார். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளைத் தகடு வைத்து நெம்பினேன். அவர் ஒவ்வொன்றையும் வாங்கி, எது எந்தப் பக்கத்துப் பட்டை என்று வரிசையாக அடுக்கி வைத்தார்.

புதுக் கண்ணாடி ஜோடியைத் திருநெல்வேலியில் ஒட்டித் தருகிறார்கள். அளவெடுத்து நான்தான் போனில் சொன்னேன். பாவூர்சத்திரத்திலிருந்து காய்கறி இறக்கப் போன டெம்போக்காரர் ஒருவர், அப்பாவுக்குப் பழக்கமானவர், திரும்பி வரும்போது வைக்கோல் பரப்பி அதைப் பத்திரமாக ஏற்றி வந்து கொடுத்தார்.

அப்பாவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வைத்தோம். இறங்கவில்லை. திருப்பி வைத்தோம். இறங்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியைச் சுற்றி நூலளவு இடம் விட்டு அளவு சொல்லியிருக்க வேண்டும். நான் பள்ளத்தின் முழு அளவையும் சொல்லிவிட்டேன். இங்கிலாந்தில் கைப்பிடியும் கீலும் ரப்பரும் மாற்றியிருக்கிறேனே தவிர, கண்ணாடிக்கு அளவு சொன்னதே இல்லை. அதற்கெல்லாம் ஆள் வந்துவிடும்.

"ஓரத்த வெட்டிக்கிடலாமா?" என்றார் அப்பா.

"வெட்ட முடியாதுப்பா. ஒட்டினது. வெட்டுனா ஒட்டு போயிரும்." தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். நான் ஊருக்கு வந்ததிலிருந்து பார்க்காத ஒரு வெளிச்சம் முகத்தில் வந்தது.

"ஏட்டி, அங்கன ஊருபூரா ஒங்கிட்டத்தான் ஜன்னலக் காட்டுதாவன்னு சொன்னிய?"

"சொன்னேன்."

"சரி, எந்தி. அடுத்த அளவு நான் எடுக்கேன். நீ சரி பாரு."

திருநெல்வேலிக்கு அவரே போன் செய்தார். தெருவுக்கே கேட்டது. தவறான கண்ணாடியை அம்மா எடுத்துக்கொண்டாள். சாரல் நின்று வெயில் எட்டிப்பார்க்கிற நேரமெல்லாம் அதன் மேல் மோர் மிளகாய் காய்ந்தது. "ரெட்டக் கண்ணாடில்லா, நல்லாச் சுடுது" என்றாள்.

அன்று சாயங்காலம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சுந்தர் கூப்பிட்டார். நான் இன்னும் அவரிடம் எதையும் விவரமாகச் சொல்லவில்லை, 'ஜன்னல் கெட்டுப்போச்சு, பார்த்துக்கிட்டு இருக்கேன்' என்பதோடு சரி. ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு போனைத் தன் பக்கம் நகர்த்தினார்.

"மாப்பிள, ஒரு விசயம். ஜன்னல் கெட்டது என்னாலதான். தண்ணி போற ஓட்டைய நாந்தான் அடச்சேன்."

அந்தப் பக்கமிருந்து சுந்தரின் சிரிப்பு கேட்டது.

"மாமா, நீங்களுமா? நான் இங்க வந்த புதுசுல அதையேதான் பண்ணேன். குளிருதேன்னு எல்லா ஓட்டையையும் அடச்சுட்டேன். ஒங்க மக ஒரு வாரம் எனக்குச் சோறு போடல்ல."

எங்கள் வீட்டு ஜன்னல் ஒன்றில் கூட சுந்தர் கை வைத்ததில்லை. அந்த ஓட்டைகள் இருப்பதே அவருக்குத் தெரியாது. மீரா வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

"இவ இத எங்கிட்ட சொல்லவே இல்லிய மாப்பிள!"

"நாந்தான் வெளிய சொல்லாதன்னு சொல்லிருந்தேன் மாமா. மானப் பிரச்சின."

"சரி சரி. நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார் அப்பா. அன்றைக்கு இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பாத்திரம் கழுவும்போது மீரா என் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா பொய் சொன்னாரு" என்றாள். தமிழில்தான் சொன்னாள், 'சொன்னாரு' என்று மரியாதையோடு.

"ஆமா."

"தாத்தாகிட்ட சொல்லக் கூடாது?"

"எந்தக் காலத்துலயும் கூடாது."

தலையை ஆட்டிவிட்டு, ஒரு தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். எத்தனையோ மாதங்களாக எங்கள் இருவருக்கும் பொதுவாக எதுவுமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுந்தரின் பொய் ஒன்று இப்போது இருந்தது.

6

இரண்டாவது கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. கடைசிப் பட்டையை அப்பாவே உள்ளங்கையால் தட்டி உட்காரவைத்தார். அதன் பிறகு ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து பள்ளத்தில் ஊற்றினார். மீராவை வெளியே நிறுத்தி, "வருதா தாயி?" என்று கேட்பார். "வருது தாத்தா!" என்று அவள் கத்துவாள். நன்றாகத்தான் இருந்த ஜன்னல்களையும் விடவில்லை.

இதையெல்லாம் செய்தாரே தவிர, ஆவணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் வீம்பு வந்துவிடும். அம்மா பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் போடலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு பெட்டியைப் பாதி நிரப்பி வைத்திருந்தாள்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் பரமசிவம் அண்ணாச்சி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். உட்காரக்கூட இல்லை, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"என்னவே குத்தாலிங்கம், ஆவணி பொறந்துட்டு. ஆளக் காணுமேன்னு நானே வந்துட்டேன். வெள்ளயடிக்கச் சொல்லட்டுமா?"

அம்மா அடுக்களை வாசலில் அப்படியே நின்றாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், கை நின்றுவிட்டது. அப்பா சாவியைப் பார்த்தார், வாங்கவில்லை.

"இல்ல அண்ணாச்சி. நீங்க வேற ஆளு பாத்துக்கிடுங்க."

"என்னவே இது! நீருதான வந்து வந்து கேட்டீரு?"

"கேட்டேன். இப்பம் முடியாது" என்றார் அப்பா. பழைய குரல் திரும்பியிருந்தது, வெளியே ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். "இந்த ஜன்னலையெல்லாம் பாத்துக்க வீட்டோட ஒரு ஆளு வேணும். எம் மவளுக்கு அளவெடுக்கத் தெரியல்ல. மாப்பிளைக்கு, பாவம், ஒண்ணுமே தெரியாது."